சந்தேகப் பிராணிகளுக்கான ஜெபக் கையேடு

இந்தக் கையேடு விசுவாச வீரர்களுக்கு இல்லை. அவர்களுக்குக் கன்வென்ஷன் பந்தல் இருக்கிறது, விடிய விடிய ஓடும் டி.வி. சேனல் இருக்கிறது, யூடியூபில் வாரத்துக்கு ஒரு எழுப்புதல் வந்துகொண்டிருக்கிறது. இது வேறு ஆட்களுக்கு. திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் பக்கம் ஏதோ ஒரு சி.எஸ்.ஐ. கோயிலில் கைக்குழந்தையாக ஞானஸ்நானம் பெற்று, மீசை அரும்புகிற வயதில் திடப்படுத்தல் எடுத்து, இன்றுவரை இரண்டாம் மணிக்குள் போய் உட்கார்ந்து, பாமாலை எண்ணைச் சொன்னதும் பக்கத்தைச் சட்டென்று புரட்டி, எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்துகொண்டே, உள்ளுக்குள் மட்டும் ‘இதையெல்லாம் அந்தப் பக்கம் யாராவது கேட்கிறார்களா?’ என்று யோசிக்கிறவர்களுக்கு.

அப்படி ஒருத்தர்கூட எங்கள் சபையில் கிடையாது என்பீர்கள். வருகிற ஞாயிற்றுக்கிழமை விசுவாசப் பிரமாணம் சொல்லும்போது கொஞ்சம் காதைத் தீட்டிக்கொண்டு நில்லுங்கள். கன்னிகையிடம் பிறந்த இடம் வரும்போது மகப்பேறு டாக்டருக்கு இருமல் வரும். மரித்தோர் எழுந்திருக்கிற இடத்தில், போன மாதம் மனைவியை அடக்கம் பண்ணிய ரிட்டயர்டு வாத்தியார் கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் அந்த வரியை நம்பாமல் துடைக்கிறாரா, ரொம்ப நம்பித் துடைக்கிறாரா என்பது அவருக்கே தெரியாது.

பிரமாணத்தை எல்லாரும் சேர்ந்து சொல்லவேண்டும் என்று ஏற்பாடு பண்ணினவர்கள் கெட்டிக்காரர்கள். நீங்கள் விழுங்கின வரியைப் பின்வரிசை ஆச்சி ஓங்கிச் சொல்லிவிடுவாள். அவள் விழுங்குகிற வரி ஒன்று இருக்கும். அதை நீங்கள் சொல்லியிருப்பீர்கள். மொத்தத்தில் பிரமாணம் முழுசாகப் போய்ச் சேர்ந்துவிடும். ஆகவே வீட்டில் உட்கார்ந்து ‘எல்லாம் தெளிவான பிறகு கோயிலுக்குப் போகலாம்’ என்று இருந்துவிடாதீர்கள். வீட்டில் இருமினால் அந்த வரியைச் சொல்ல ஆள் கிடையாது.

எங்கே உட்காருவது?

இது அற்ப விஷயம் இல்லை. முதல் இரண்டு வரிசை டயோசிஸ் தேர்தலில் நிற்கிறவர்களுக்கும், நின்று தோற்றவர்களுக்கும், அடுத்த முறை நிற்கப்போகிறவர்களுக்கும். அங்கே உட்கார்ந்தால் உங்களுக்கு விசுவாசம் உண்டா என்று யாரும் கேட்கமாட்டார்கள்; எந்த அணி என்றுதான் கேட்பார்கள். கடைசி வரிசை கைக்குழந்தைக்காரர்களுக்கும், பிரசங்க வாக்கியம் வாசித்ததும் வேப்பமரத்தடிக்கு நழுவுகிற வாலிபர்களுக்கும். நடுவில் ஃபேனுக்குக் கீழே ஓர் இடம் பாருங்கள். புழுக்கத்தில் வருகிற சந்தேகம் வேறு, நிஜச் சந்தேகம் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ளக் கூடாது.

மெய்ஞ்ஞானபுரம் கோயிலுக்கு 192 அடிக்குக் கோபுரம் கட்டி வைத்திருக்கிறார்கள். சுற்றிலும் இருக்கிற எந்தப் பனைமரமும் அதன் இடுப்புக்குக்கூட வராது. அந்தக் கோபுரத்துக்குக் கீழே நிற்கிறவன் எல்லாம் அதே உயரத்துக்கு விசுவாசம் வைத்திருப்பான் என்று நினைத்து நீங்கள் குறுகிப்போக வேண்டாம். மணமகள் தேவை விளம்பரத்தில் ‘விசுவாசமுள்ள’ என்று போட்ட கையோடு அடுத்த சொல்லிலேயே சாதியையும் உட்பிரிவையும் போடுகிற வரைக்கும், உங்கள் சந்தேகம் சபையின் பெரிய வியாதிகளில் சேர்த்தி இல்லை.

ஜெபக்கூட்டத்தில் உங்கள் முறை

கோயிலில் கூட்டத்தோடு கூட்டமாக ஒளிந்துகொள்ளலாம். வீட்டு ஜெபக்கூட்டம்தான் கண்டம். ஜமுக்காளத்தில் வட்டமாக உட்காரவைத்து, ‘சங்கிலி ஜெபமா எல்லாரும் ஒவ்வொரு வார்த்தை சொல்லுவோம்’ என்பார்கள். ஒவ்வொரு வார்த்தை என்பது இருபது நிமிஷம். ஜெபம் வலப்பக்கமிருந்து வருகிறதா, இடப்பக்கமிருந்து வருகிறதா என்பதை முதலில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நீண்ட ஜெபக்காரர்களைக் கவனித்துக் கேட்டால் ஒன்று புலப்படும். அவர்கள் ஆண்டவருக்குச் செய்தி வாசிக்கிறார்கள். ‘ஆண்டவரே, நீர் அறிவீர், எங்கள் சகோதரியின் மூத்த மகள் கோயம்புத்தூரிலே இரண்டாம் வருஷம் படிக்கிறாள், அவளுக்கு மூன்று பேப்பர் அரியர் இருக்கிறது, அதையும் நீர் அறிவீர்.’ ஆண்டவர் அறிவார்தான். அதுவரை அறியாதிருந்தது எதிர்வீட்டம்மா. தெருவில் எந்த வாட்ஸ்அப் குழுவும் ஜெபக்கூட்டத்தின் வேகத்துக்கு ஈடுகொடுத்ததில்லை.

இந்த வட்டத்தில் சிக்கிக்கொண்ட சந்தேகப் பிராணி வழக்கமாக இரண்டில் ஒன்றைச் செய்யும். ஒன்று, யாரும் கண்டுபிடித்துவிடக் கூடாதே என்று குரலை உயர்த்தி, மூச்சுக்கு மூன்று ‘ஸ்தோத்திரம்’ சேர்த்து, முடிக்கத் தெரியாமல் சுற்றிச் சுற்றி வரும். அல்லது வாயையே திறக்காது. வாயைத் திறக்காவிட்டால் என்ன ஆகும் என்று தெரிந்துகொள்ளுங்கள்:

‘ஏன்யா, ஒம் மொற வந்தப்ப ஒண்ணுஞ் சொல்லாம உக்காந்திருந்தியே?’

‘மனசுக்குள்ள ஜெபிச்சேன் பெரியம்மா.’

‘மனசுக்குள்ள ஜெபிச்சா டீயும் மனசுக்குள்ளதான் வரும்.’

டீயோடு கேசரியும் மிக்சரும் போய்விடும் என்பதால் நடுவழி ஒன்று சொல்கிறோம். ஒரே ஒரு ஆள், ஒரே ஒரு தேவை, ஒரே ஒரு வரி. ‘எதிர்த்த வீட்டு அண்ணாச்சிக்குக் கால்வலி கொறையணும் ஆண்டவரே, ஆமென்.’ அண்ணாச்சிக்குக் கால் வலிப்பது உண்மை. அது குறைந்தால் நன்றாயிருக்கும் என்று நீங்கள் நினைப்பதும் உண்மை. உங்கள் விசுவாசம் எத்தனை கிலோ என்று நிறுக்க அந்த வரியில் இடமே கிடையாது. பக்கத்தில் இருப்பவர் ‘அவ்வளவுதானா?’ என்று ஒரு கண்ணைத் திறந்து பார்ப்பார். பார்க்கட்டும்.

இதுகூட வரவில்லை என்கிறவர்களுக்குப் புத்தகம் இருக்கிறது. பெந்தெகொஸ்தே சபைக்குப் போய்விட்ட மச்சான் ஒருத்தர் எல்லாக் குடும்பத்திலும் உண்டு. ‘புஸ்தகத்தப் பாத்து வாசிக்கது ஒரு ஜெபமா மாப்ளே? உள்ளத்துலருந்துல்லா வரணும்’ என்பார். அவரோடு வாதத்துக்கு நிற்காதீர்கள். அவருக்கு உள்ளத்திலிருந்து வரத்தான் செய்கிறது. உங்கள் உள்ளத்திலிருந்து போன தவக்காலத்துக்குப் பிறகு ஒன்றும் வரவில்லை என்பதுதானே இப்போது சங்கதி. இங்கிலாந்துத் திருச்சபை 1662-இல் அச்சிட்ட ஜெபப் புத்தகத்தைத் தமிழில் சொல்லிச் சொல்லித்தான் நம்முடைய தாத்தாக்கள் வளர்ந்தார்கள். 1947-இல் சி.எஸ்.ஐ. உருவாகி ஆராதனை முறை மாறின பிறகும் அந்தச் சாயல் விட்டுப்போகவில்லை. அந்த வார்த்தைகளை எழுதினவர்கள் தங்களுக்கு ஜெபம் கூடிவந்த நாளில் எழுதி வைத்தார்கள். கூடிவராத நாளில் நீங்கள் எடுத்து வாசிக்கிறீர்கள். எழுத்தே தெரியாத ஆச்சிகள் பொதுப் பாவ அறிக்கையை மனப்பாடமாகச் சொல்லுவார்கள். புதுப் போதகர் ஐயர் அவசரத்தில் ஒரு வரியைத் தாண்டிவிட்டால், அவர்கள் தாண்டமாட்டார்கள். பெண்கள் பக்கம் முழுக்க அந்த வரியை நிதானமாகச் சொல்லி முடித்த பிறகுதான் ஐயருக்கு வழி கிடைக்கும்.

யாரிடம் சொல்லலாம், யாரிடம் கூடாது?

சந்தேகத்தை வெளியே சொல்வதற்கு முன்னால் ஒரு நேரம் நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கிப் பாருங்கள். கேலி இல்லை, வேதத்திலேயே இருக்கிற வைத்தியம். கர்மேல் மலையில் வானத்திலிருந்து அக்கினி இறங்கப் பார்த்த எலியா, அடுத்த அதிகாரத்திலேயே வனாந்தரத்துக்கு ஓடி, ஒரு சூரைச்செடிக்குக் கீழே விழுந்து, சாவு வந்தால் போதும் என்றார். தேவதூதன் வந்து பிரசங்கம் பண்ணவில்லை. இத்தனை அற்புதம் கண்டுமா இப்படி என்று இடித்துக் காட்டவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் தலைமாட்டில் வைத்து எழுப்பினான். மனுஷன் தின்றுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். மறுபடி எழுப்பித் தின்னவைத்தான். ஆலோசனை ஊழியம் முழுவதும் அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் நாற்பது நாள் நடந்தார்.

தின்று தூங்கி எழுந்தும் சந்தேகம் அப்படியே இருந்தால் ஆளைப் பார்த்துச் சொல்லுங்கள். ‘எதையாவது மறைச்சு வச்சிருக்கியா? பாவம் இருந்தாத்தான் இப்படி வரும்’ என்று ஆரம்பிக்கிற ஆளிடம் மாட்டிக்கொண்டால், யோபுவின் சிநேகிதர்கள் மூவரையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் அவர்கள் சரியாகத்தான் செய்தார்கள்: ஏழு நாள் ராத்திரி பகலாக அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தை பேசவில்லை. வாயைத் திறந்த பிறகுதான் வினை. முப்பது சொச்சம் அதிகாரத்துக்கு விவாதம் ஓடுகிறது. அவர்கள் கடவுளுக்கு வக்கீலாக நின்று பேசுகிறார்கள்; யோபு கடவுளையே வழக்குக்கு இழுக்கிறான். கடைசியில் தீர்ப்பு யார் பக்கம் வந்தது? யோபு பேசினதுதான் சரி, நீங்கள் பேசினது சரியில்லை என்று ஆண்டவர் அந்த மூன்று பேரிடம் சொல்கிறார். அதோடு விட்டாரா? ஏழு காளையும் ஏழு ஆட்டுக்கடாவும் ஓட்டிக்கொண்டு யோபுவிடமே போங்கள், உங்களுக்காக அவன் ஜெபிப்பான் என்கிறார். உங்களுக்குப் புத்தி சொல்ல வந்தவரிடம் இதைச் சொல்லிக்காட்ட வேண்டாம். ஏழு காளைக்கு அவர் எங்கே போவார்.

வாட்ஸ்அப்பில் பதில் அனுப்புகிற சித்தப்பா இன்னொரு ரகம். யோசுவா காலத்தில் சூரியன் நின்றதால் காணாமல்போன ஒரு நாளை நாசா கம்ப்யூட்டரில் கண்டுபிடித்தார்கள் என்று, நாசா ஒருநாளும் சொல்லாத செய்தியை அனுப்பி, கீழே மூன்று கைகூப்பு போட்டிருப்பார். இதைப் பார்த்து உங்களுக்கு விசுவாசம் வளர்ந்தால் ஒரு பிரச்சினை, இருந்ததும் போனால் இன்னொரு பிரச்சினை. ‘ஸ்தோத்திரம் சித்தப்பா’ என்று பதில் போட்டுவிட்டுக் குழுவை மியூட் பண்ணுங்கள்.

சொல்லவேண்டிய ஆள் அநேகமாக உங்கள் சேகர குருதான். ஆனால் ஞாயிற்றுக்கிழமை வாசலில் கைகொடுக்கும்போது சொல்லாதீர்கள். அவர் அதற்குள் ஒரு கிராமத்தில் ஆராதனை முடித்துவிட்டு வந்திருப்பார், இன்னொரு கிராமம் காத்திருக்கும், இடையில் கமிட்டிக் கணக்கு, நாலு மணிக்கு அடக்க ஆராதனை. திங்கட்கிழமை சாயங்காலம் ஐயர் வீட்டு வராந்தாவில் லுங்கியோடு உட்கார்ந்திருப்பார். அப்போது போங்கள். நல்ல ஐயராக இருந்தால் பதில் சொல்லாமல் கொஞ்சநேரம் தெருவைப் பார்ப்பார். அப்புறம், வாரத்துக்கு இரண்டு அடக்கம் நடத்துகிறவனுக்கு இது வராமல் இருக்குமா என்பார். ஐயரம்மா காபி கொண்டு வருவார்கள். அன்றைக்கு உங்களுக்கு வேதபாடம் ஒன்றும் கிடைக்காது. கிடைக்காதவரைக்கும் நல்லது.

மேற்கோளுக்கு ஆட்கள்

வசனம் கேட்கிறவர்களுக்குக் கையில் சில பேரை வைத்துக்கொள்ளுங்கள். எல்லாரும் தோமாவைத்தான் சொல்லுவார்கள். அவரிடம் பிறகு வருவோம். அப்போஸ்தலர் நடபடிகள் பன்னிரண்டாம் அதிகாரத்துக்கு முதலில் போங்கள். வேதத்தில் எனக்குப் பிடித்த ஜெபக்கூட்டம் அங்கேதான் நடக்கிறது.

பேதுரு சிறையில். பதினாறு சேவகர் காவல், இரண்டு சங்கிலி. விடிந்தால் விசாரணை. மாற்குவின் தாயார் வீட்டில் சபை கூடி ராத்திரியெல்லாம் ஊக்கமாக ஜெபிக்கிறது. தூதன் வந்து பேதுருவை வெளியே கொண்டுவந்து தெருவில் விட்டுவிடுகிறான். அவர் நேராக இந்த வீட்டுக்கு வந்து வாசல் கதவைத் தட்டுகிறார். ரோதை என்கிற வேலைக்காரப் பெண் வந்து, குரலை அடையாளம் கண்டு, சந்தோஷத்தில் கதவைத் திறக்க மறந்து உள்ளே ஓடுகிறாள்: பேதுரு வந்திருக்கிறார்! ஜெபவீரர்கள் கண்ணைத் திறந்து என்ன சொன்னார்கள்? உனக்குப் பைத்தியம் என்றார்கள். அவள் விடவில்லை. அப்படியானால் அது அவருடைய தூதனாயிருக்கும் என்றார்கள். எதற்காக ஜெபித்துக்கொண்டிருந்தார்களோ அது வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருக்கிறது, இவர்கள் உள்ளே அது வந்திருக்க முடியாது என்று விவாதிக்கிறார்கள். ஆதித்திருச்சபை, அப்போஸ்தலர்களோடு பழகியவர்கள். இந்த விசுவாசத்தோடு அவர்கள் ஜெபித்திருக்கிறார்கள், ஒருத்தரும் அவர்களைச் சபையைவிட்டு நீக்கவில்லை. ரோதையிடம் யாராவது மன்னிப்புக் கேட்டார்களா என்று மட்டும் லூக்கா எழுதவில்லை.

மத்தேயு சுவிசேஷத்தின் கடைசி மலையையும் குறித்துக்கொள்ளுங்கள். உயிர்த்தெழுந்தவர் கண்ணெதிரே நிற்கிறார், சீஷர்கள் பணிந்துகொள்கிறார்கள், அதே வசனத்தில் சிலர் சந்தேகப்படுகிறார்கள். மத்தேயு அந்தச் சிலரைத் தள்ளி நிறுத்தவில்லை. சகல ஜாதிகளையும் சீஷராக்குங்கள் என்ற கட்டளை அவர்களுக்கும் சேர்த்துத்தான் கொடுக்கப்பட்டது. வலிப்புப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்த தகப்பன் ஒருவன் மாற்குவில் இருக்கிறான்; நம்புகிறேன் என்றும் என் நம்பாமைக்கு உதவிபண்ணும் என்றும் ஒரே மூச்சில் அழுதான். பிள்ளைக்குச் சுகம் கிடைத்தது. பாதி விசுவாசத்துக்குப் பாதிச் சுகம் என்று கணக்குப் பார்க்கப்படவில்லை.

தோமாவுக்கு வருவோம். காயத்தில் விரலை விட்டுப் பார்த்தால்தான் நம்புவேன் என்றவர். அதற்கு முன்னால் ஒருநாள், பெத்தானியாவுக்குப் போனால் கல்லெறிவார்கள் என்று மற்றவர்கள் தயங்கியபோது, நாமும் போய் அவரோடு சாவோம் என்று கிளப்பிவிட்டதும் இதே ஆள்தான் என்பது நம் பிரசங்கங்களில் அபூர்வமாகவே காதில் விழும். மற்ற அப்போஸ்தலர்கள் ரோமாபுரிக்கும் எபேசுவுக்கும் போக, மரபு நமக்குக் கொடுத்தது இவரைத்தான்: கி.பி. 52-இல் கேரளக் கரையில் இறங்கி, கி.பி. 72-இல் பரங்கிமலையில் குத்துப்பட்டு இறந்தார் என்பார்கள். சைதாப்பேட்டைச் சின்னமலையில் ஒளிந்திருந்தாராம், சாந்தோமில் கல்லறை. சென்னை மாநகரத்தில் மூன்று இடத்தில் கோயில் கட்டியிருக்கிறார்கள், சந்தேகப்பட்டவருக்கு. விமானநிலையத்துக்குப் போகிற வழியில் அந்த மலையைத் தாண்டும்போது ஒரு கும்பிடு போடுங்கள். நம்ம ஆள்.

இன்னொரு சாட்சி ஜான் பனியன். 1678-இல் அவர் வெளியிட்ட மோட்சப் பிரயாணத்தைத் தழுவித்தான் நம்முடைய எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை இரட்சணிய யாத்திரிகம் என்ற காவியத்தை 1894-இல் வெளியிட்டார். கரையிருப்பில் வைணவராகப் பிறந்து, முப்பது வயதுக்கு மேல் ஞானஸ்நானம் பெற்றவர். பனியன் கதையில் சந்தேகக் கோட்டை என்று ஒன்று வருகிறது. அதை அவர் எங்கே கட்டி வைத்தார் என்று பாருங்கள். வாசலுக்கு வெளியே இல்லை. கதாநாயகன் கிறிஸ்தியான் சிலுவையைத் தாண்டி, மாயச் சந்தையைத் தாண்டி, ஏறக்குறைய முக்கால்வாசி வழி நடந்த பிறகுதான் அந்தக் கோட்டைக்குச் சொந்தக்கார அரக்கன் கையில் சிக்குகிறான். புதிதாக வந்தவனை அந்த அரக்கன் பிடிப்பதில்லை போலும். நடந்து கால் சலித்தவனைத்தான். கோட்டையைத் திறக்கிற சாவி அத்தனை நாளும் அவன் மடியிலேயே இருந்திருக்கிறது. அதன் பெயர் வாக்குத்தத்தம்.

வாக்குத்தத்த அட்டை

அந்தச் சாவியைத்தான் நாம் டிசம்பர் 31 ராத்திரி ஆளுக்கொன்றாக விநியோகிக்கிறோம். பன்னிரண்டு மணிக்கு மணியடித்து, புது வருஷம் பிறந்து, எல்லாரும் எல்லாருக்கும் கைகொடுத்து, தட்டில் கவிழ்த்துப் போட்ட அட்டைகளில் ஒன்றை எடுக்கவேண்டும். ரோஜாப்பூ, அருவி, சூரிய உதயம் ஏதாவது ஒரு படம், மேலே ஒரு வசனம். எடுத்ததும் பக்கத்து ஆளுடைய அட்டையை எட்டிப்பார்ப்பது மரபு.

இந்த அட்டைகளில் யோபு மூன்றாம் அதிகாரத்திலிருந்து வசனம் வந்து பார்த்ததுண்டா? இராது. அச்சடிக்கிறவருக்கு வியாபாரம் தெரியும். அதிகம் ஓடுவது எரேமியா 29:11. உங்களைப் பற்றி நான் வைத்திருக்கிற நினைவு சமாதானமானது, நல்ல முடிவு தருவேன் என்கிற வசனம். மருமகளுக்கு வேலை கிடைக்கும், வீட்டு லோன் பாஸ் ஆகும் என்று நாம் அதை ஃபிரிட்ஜில் ஒட்டிவைக்கிறோம். அதற்கு முந்தின வசனத்தை ஒருதரம் வாசித்துப் பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் இருந்த பிறகு என்று இருக்கிறது. சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதிய கடிதம் இது; அதைக் கையில் வாங்கின பெரியவர்கள் அநேகமாக எல்லாரும் அதற்குள் செத்திருப்பார்கள். எழுபது வருஷத்தை அட்டைக்காரர் கத்தரித்துவிட்டார்.

சந்தேகப் பிராணி படிக்கவேண்டியது இன்னும் நாலு வசனம் மேலே. சீக்கிரம் ஊர் திரும்பிவிடலாம் என்று சொல்லிக்கொண்டு திரிந்த தீர்க்கதரிசிகளை நம்பாதீர்கள் என்று எச்சரிக்கிற அதே கடிதத்தில், எரேமியா வேலைப் பட்டியல் ஒன்று கொடுக்கிறார். வீடு கட்டுங்கள், குடியிருங்கள். தோட்டம் போடுங்கள், பழத்தைச் சாப்பிடுங்கள். பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள். உங்களைச் சிறைபிடித்த பட்டணத்துக்காக ஜெபம் பண்ணுங்கள். கடவுள் இருக்கிறாரா, கேட்கிறாரா, எப்போது வருவார் என்று தீர்மானமான பிறகு கொத்தனாரைக் கூப்பிடு என்று சொல்லவில்லை. இந்த வசனங்களை அட்டையில் போட்டால் யாரும் எடுக்கமாட்டார்கள். தோட்டம் போடச் சொல்கிற அட்டையை வைத்துக்கொண்டு என்ன பண்ணுவது?

கேட்டது கிடைக்காதபோது

அயர்லாந்திலிருந்து டோனாவூருக்கு ஊழியத்துக்கு வந்த ஏமி கார்மைக்கேல் அம்மையார் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, நீலக்கண் வேண்டும் என்று ராத்திரி ஜெபித்துப் படுத்து, காலையில் கண்ணாடியில் பார்த்தால் அதே பழுப்புக் கண். பின்னாளில் நம் ஊரில் சேலை கட்டிக்கொண்டு பிள்ளைகளைக் காப்பாற்றப் போகிற இடங்களில் அந்தப் பழுப்புக் கண்தான் உதவியது. இந்தக் கதையைக் கேட்காமல் எங்கள் பக்கத்தில் யாரும் ஞாயிறு பள்ளியைத் தாண்டமுடியாது. ஆண்டவர் இல்லை என்று சொன்னால் அதற்கும் காரணம் இருக்கும் பிள்ளைகளே என்று டீச்சர் முடிப்பார்.

டீச்சர் தொடராத மிச்சம் ஒன்று உண்டு. 1931-இல் அதே அம்மையார் களக்காட்டில் குழியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டார். சுகத்துக்காக எத்தனை பேர் ஜெபித்திருப்பார்கள்! சுகம் வரவில்லை. 1951-இல் சாகிறவரை, கிட்டத்தட்ட இருபது வருஷம், பெரும்பாலும் அந்த அறைதான், அந்தக் கட்டில்தான், வலிதான். இதற்கு நீலக்கண் மாதிரி ஒரு முடிச்சு யாரும் போடவில்லை, போடமுடியாது. அந்தக் கட்டிலில் இருந்துகொண்டே அவர் புத்தகங்கள் எழுதினார், பிள்ளைகளுக்குச் சீட்டு அனுப்பினார், ஜெபித்தார். முதல் கதை பிள்ளைகளுக்கு, இரண்டாவது பெரியவர்களுக்கு. நம் சபைகளில் பெரியவர்களுக்கும் முதல் கதையையே சொல்லிக்கொண்டிருப்பதுதான் கோளாறு.

அன்னை தெரசாவின் கடிதங்கள் 2007-இல் வெளியானபோது உலகமே திடுக்கிட்டது. கிட்டத்தட்ட ஐம்பது வருஷம், உள்ளே ஒரே இருட்டு, கடவுள் இருக்கிற தடயமே தெரியவில்லை என்று தம் ஆன்ம குருக்களுக்கு எழுதியிருக்கிறார். அந்தக் கடிதங்களைக் கிழித்துப் போடச் சொல்லியிருந்தார், அவர்கள் கிழிக்கவில்லை. அந்த ஐம்பது வருஷமும் விடியற்காலை எழுந்து முழங்கால் போட்டிருக்கிறார். ஒன்பது வருஷம் கழித்து ரோம் அவரைப் புனிதர் என்று அறிவித்தது, கடிதங்களையும் சேர்த்துப் படித்த பிறகு.

இனிமேல் வருவது கேலிக்கு அடங்காத இடம். 2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் காலை, சுனாமி வந்த நாள். வேளாங்கண்ணிக் கடற்கரையில் கிறிஸ்துமஸ் யாத்திரைக்கு வந்தவர்கள் நிறைந்திருந்தார்கள். மாதா கோயிலுக்குள் தண்ணீர் ஏறவில்லை. வெளியே கரையிலும் கடைத்தெருவிலும் இருந்தவர்கள் நூற்றுக்கணக்கில் செத்தார்கள். ஜெபிக்கத்தான் அவர்கள் அங்கே வந்திருந்தார்கள். அந்த வாரம் கத்தோலிக்கர், சி.எஸ்.ஐ. என்ற பேதம் இல்லாமல் நம்மில் பலர் ஒன்றைச் சொன்னோம்: பார்த்தீர்களா, கோயிலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

இந்தக் கையேட்டில் கண்டிப்பான விதி என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான். பிள்ளையைப் பறிகொடுத்த ஆள் காதில் விழுகிற தூரத்தில் கோயில் தப்பித்த கதையைச் சொல்லாதீர்கள். ஆண்டவர் சித்தம் என்றும் சொல்லாதீர்கள். அது பிள்ளையைப் பெற்றவர்கள் என்றைக்காவது சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம், நமக்கு அந்த உரிமை கிடையாது. ஜெபிக்கவேண்டும் என்றால் சங்கீதம் 88 இருக்கிறது. மற்றப் புலம்பல் சங்கீதங்கள் பெரும்பாலும் எங்கேயாவது ஓரிடத்தில் திரும்பி, ஆனாலும் உம்மைத் துதிப்பேன் என்று வந்துவிடும். இது திரும்பாது. இருட்டில் ஆரம்பித்து இருட்டிலேயே முடிந்துவிடும். எந்தப் பாடகர் குழுவும் இதற்கு ராகம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனாலும் சங்கீதப் புத்தகத்தைத் தொகுத்தவர்கள் இதை எடுத்துவிடாமல் எண்பத்தேழுக்கும் எண்பத்தொன்பதுக்கும் நடுவில் வைத்திருக்கிறார்கள். கடவுளைப் பார்த்துத்தான் அத்தனையும் கத்தப்படுகிறது. அவர்மேல் கோபப்படுவதற்காவது அவர் வேண்டியிருக்கிறது.

கைக்கு வேலை கொடுங்கள்

மனசு ஒத்துழைக்காத நாட்களில் கையை அனுப்பிவைக்கலாம். நம்முடைய ஆச்சிகளுக்கு இது தெரிந்திருந்தது. உலையில் அரிசி போடுகிறதற்கு முன்னால் ஒரு கைப்பிடி எடுத்து அடுப்படி மூலையில் இருக்கிற தனிப் பானையில் போடுவார்கள். ஊழியத்துக்கு. தினமும் இரண்டு வேளை. அன்றைக்கு விசுவாசம் பொங்கி வழிந்ததா, வற்றிக் கிடந்ததா, தாத்தாவோடு சண்டையா, எதுவானாலும் கைப்பிடி கைப்பிடிதான். கோபமான நாளில் பிடி கொஞ்சம் சிறுத்திருக்கும், அவ்வளவே. மாதக் கடைசியில் பானையைக் கோயிலுக்குச் சுமந்துபோகும்போது எந்த அரிசி எந்த மனநிலையில் போட்டது என்று பிரித்துச் சொல்ல யாராலும் முடியாது.

பானை வைக்க வசதி இல்லாத ஃபிளாட்வாசிகள் சபை விருந்தான அசனத்துக்குப் போகலாம். சாப்பிட இல்லை, முந்தின ராத்திரி வேலைக்கு. மூட்டை மூட்டையாகச் சின்ன வெங்காயம் கொட்டிக்கிடக்கும், சுற்றி உட்கார்ந்து உரிக்கவேண்டும். அங்கே விசுவாசப் பிரமாணம் யாரும் கேட்கமாட்டார்கள், கத்தி கொண்டுவந்தாயா என்றுதான் கேட்பார்கள். கண்ணில் தண்ணீர் வந்தால் காரணமும் சொல்லவேண்டியதில்லை. மறுநாள் சோறும் ஆட்டுக்கறிக் குழம்புமாகப் பந்தி நடக்கும்போது, எந்த மதம், எந்தத் தெரு, போன வாரம் கோயிலுக்கு வந்தானா என்று பார்க்காமல் இலை போடுவார்கள். நீங்கள் குழம்பு வாளியைத் தூக்குங்கள். வாளி கனம், வரிசையின் கடைசிவரை போய்ச் சேர்கிறதுக்குள் மேலே யாராவது கேட்கிறார்களா என்கிற கேள்விக்கு நேரம் இருக்காது. கீழே எல்லாரும் ‘இங்க கொஞ்சம் ஊத்துங்க’ என்று கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

மே மாதம்

இவ்வளவையும் செய்து, சந்தேகமும் போகாமல், கோயிலுக்கும் ஒழுங்காக வருகிறீர்கள் என்று தெரிந்ததும் ஐயர் உங்களை வி.பி.எஸ். என்கிற விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிடித்துப் போடுவார். மறுக்காதீர்கள். சம்பளம் கிடையாது, பத்துநாள் வெயில், பெரிய பையன்கள் வகுப்பு. மற்ற டீச்சர்கள் யாரும் எடுக்க விரும்பாத வகுப்பு அது, ஏனென்றால் கேள்வி கேட்பார்கள்.

‘சார், நோவா பேழைக்குள்ள கரையானயும் ஏத்துனாரா? மரத்த அரிச்சிராதா?’

இதற்கு வயிறு குலுங்கச் சிரிக்கலாம். வேதத்தில் இப்படியெல்லாம் கேட்கக்கூடாது என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அதைச் சொல்ல ஏற்கெனவே ஆள் இருக்கிறது. மூன்றாம் நாளோ நாலாம் நாளோ, பின்னால் சுவரை ஒட்டி உட்கார்ந்திருக்கிறவன் கையைத் தூக்காமலேயே கேட்பான்:

‘எங்க தாத்தாவுக்காவ எல்லாரும் ஜெபிச்சோம் சார். செத்துட்டாரு. அப்ப நாங்க ஜெபிச்சது தப்பாப் போச்சா?’

பாடப் புத்தகத்தைப் புரட்டாதீர்கள், அதில் இது இருக்காது. தப்பில்லை என்று முதலில் சொல்லிவிடுங்கள். அது உங்களுக்கு நிச்சயமாகத் தெரிந்த ஒன்று. ஏன் அப்படி ஆனது என்று அவன் கேட்டால், தெரியலடே, நானும் கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் என்று சொல்லுங்கள். தாத்தா என்ன வேலை பார்த்தார், அவனை எப்படிக் கூப்பிடுவார் என்று விசாரியுங்கள். கடைசி ஜெபத்தை அவனையே செய்யச் சொல்லலாம். மாட்டேன் என்றால் விட்டுவிடுங்கள், கண்ணை மூடவில்லை என்றாலும் அதட்டவேண்டாம். பதினொரு மணிக்கு ரஸ்னாவும் பிஸ்கட்டும் வரும். பத்தே முக்காலுக்கே முடித்து உங்கள் பையன்களை வரிசையில் கொண்டுபோய் நிறுத்திவிடுங்கள். பிந்திப் போனால் உங்கள் வகுப்புக்கு உடைந்த பிஸ்கட்தான் மிஞ்சும், அந்தக் குறையை அடுத்த வருஷம் வரைக்கும் சொல்லிக்காட்டுவான்கள்.